"இண்டைக்கு என்ன படிச்சனி?": ஆரம்ப வகுப்பிலிருந்து வீட்டுக்குத் தினமும் செய்தி அனுப்ப ஒரு முழு வழிகாட்டி

பாடசாலை விட்டதும் வாசலில் நிற்கிற அம்மா, புத்தகப் பையை வாங்கி சைக்கிள் கூடைக்குள் போட்டுக்கொண்டே கேட்பார்: "இண்டைக்கு என்ன படிச்சனி?" பிள்ளை சொல்லும்: "ஒண்டுமில்லை." காலை ஏழரையிலிருந்து ஈர்க்கு எண்ணி, பாட்டுப் பாடி, கதை சொல்லி, மழைத்தண்ணீர் அளந்து நடந்த அவ்வளவும் அந்த ஒரு சொல்லோடு வாசலிலேயே நின்றுவிடும். பிள்ளை பொய் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்விக்கு எங்கிருந்து பதில் தொடங்குவது என்று தெரியாது. அதையே "போத்தலுக்குள்ள எவ்வளவு தண்ணி நிண்டது?" என்று கேட்டுப் பாருங்கள், வீடு போய்ச் சேரும் வரைக்கும் கதை ஓயாது.

அந்த இரண்டாவது மாதிரிக் கேள்வி ஒன்றை ஒவ்வொரு நாளும் வீட்டாரின் கையில் கொடுத்துவிட வேண்டும். நான் சொல்லப்போவது அவ்வளவுதான். முல்லைத்தீவு மாவட்டத்தில் மூன்றாம் தரம் படிப்பிக்கிறேன், வகுப்பில் 27 பிள்ளைகள். வன்னிக்குப் புதிதாக நியமனம் கிடைத்து வருகிற ஆசிரியர்கள், அதிலும் யாழ்ப்பாணத்திலிருந்து விடிய முதல் பஸ் ஏறி வந்து பின்னேரம் திரும்புகிறவர்கள், ஊர் ஆட்களோடு நின்று கதைக்க நேரமில்லாமல் தவிப்பதைப் பார்க்கிறேன். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெற்றோர் வாசித்தாலும் பயன் இருக்கும்.

1. முதலில் வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

தவணை தொடங்கி முதல் இரண்டு கிழமைக்குள் இதை முடித்துவிடுங்கள். ஒரு கொப்பி எடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நான்கு விஷயம் தெரிந்தால் போதும். பின்னேரத்தில் பிள்ளை யாரோடு நிற்கிறது, வீட்டில் உள்ள போன் யாருடையது, அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், செய்தியை வாசிக்க விருப்பமா அல்லது கேட்க விருப்பமா. கடைசிக் கேள்வியை இந்த மாதிரியே கேளுங்கள். "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று ஒருநாளும் கேட்காதீர்கள்.

எனக்கு இது பிந்தித்தான் விளங்கியது. முதல் வருடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளையின் கொப்பியில் அரைப் பக்கக் குறிப்பு எழுதி விடுவேன். மூன்றாம் மாதம் ஒரு அப்பா வந்து, வகுப்பு வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னார்: "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. நான் ஆறாம் வகுப்போட விட்டனான். நீங்கள் எழுதி விடுறதை மகள்தான் எனக்கு வாசிச்சுக் காட்டுறவள்." அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. "வாசிப்பில் பின்தங்கி இருக்கிறாள்" என்று நான் எழுதிய வரியை அந்தப் பிள்ளை, எழுத்துக் கூட்டிக் கூட்டி, தன் வாயாலேயே அப்பாவுக்கு வாசித்திருக்கிறாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று மூன்றாம் தரத்தில் இருக்கிற பிள்ளையின் அப்பா அம்மாவில் பலர் 2008, 2009ல் பாடசாலை வயதில் இருந்தவர்கள். கடைசி யுத்தத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, தறப்பாளுக்குக் கீழே இருந்து, பிறகு செட்டிகுளம் முகாமில் மாதக்கணக்கில் கிடந்து, 2010க்குப் பிறகு காணிக்குத் திரும்பி வந்தபோது பலருக்குப் படிப்பு கைவிட்டுப் போயிருந்தது. அக்கறை இல்லாத பெற்றோர் என்று நாம் நினைக்கிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் எங்களுடைய எழுத்துக்கு முன்னால் கூச்சப்பட்டு நிற்கிறவர்கள் என்பதை யோசியுங்கள்.

இன்னொன்று, பல வீடுகளில் பின்னேரம் அம்மம்மாவோ அப்பம்மாவோதான். அம்மா ஆடைத் தொழிற்சாலையில், அல்லது வெளிநாட்டில். செய்தி யாருக்குப் போகிறதோ அவர்தான் உங்கள் பெற்றோர் என்று கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியலில் உள்ள பாதுகாவலருக்கு அனுப்பிவிட்டு, அடுப்படியில் பிள்ளையோடு இருக்கிற கிழவியை விட்டுவிட்டால் அந்தச் செய்தியால் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

2. காலையில் ஒன்றே ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்

வரவு இடாப்புப் போடுவதற்கு முன்பே முடிவெடுங்கள்: இன்று வீட்டுக்குப் போகப்போகிற விஷயம் எது? தமிழ், கணிதம், சுற்றாடல், சமயம், ஆங்கிலம் என்று அன்றைக்கு ஐந்து பாடம் நடக்கலாம். வீட்டுக்குப் போவது ஒன்றுதான். ஐந்தையும் அனுப்பினால் ஒன்றும் போய்ச் சேராது.

எதைத் தெரிவுசெய்வது? ஆசிரியர் வழிகாட்டியில் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் இருக்கின்றன, பிள்ளை அடுத்த கட்டத்துக்குப் போக முன்னர் எப்படியும் பெற்றிருக்க வேண்டியவை. அதில் ஒன்றோடு தொடர்புபட்டதாக இருக்கட்டும். அதோடு, கையால் செய்ததாகவோ கண்ணால் பார்த்ததாகவோ இருக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லக்கூடியது அதைத்தான். "பக்கம் 34 செய்தோம்" என்பதைப் பிள்ளையால் கதையாகச் சொல்ல முடியாது.

3. வகுப்பு நடக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்

பாடசாலை விட்ட பிறகு யோசித்து எழுதலாம் என்று விட்டால் குழப்படி செய்த மூன்று பேரும் கெட்டித்தனமான மூன்று பேரும்தான் நினைவில் நிற்பார்கள். நடுவில் அமைதியாக இருக்கிற பிள்ளைகள் கிழமைக் கணக்கில் கண்ணில் படாமலே போய்விடுவார்கள். ஆகவே ஒரு நாளைக்கு ஐந்து அல்லது ஆறு பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள். 27 பேர் என்றால் ஒரு கிழமையில் எல்லோரும் ஒரு தடவை வந்துவிடுவார்கள். பெயரைக் காலையிலேயே சின்னத் துண்டில் எழுதி மேசையில் வையுங்கள்.

என்ன எழுதுவது? "நல்லது", "பரவாயில்லை", "முயற்சி தேவை" என்பவை உதவாது. கண்ட காட்சியை அப்படியே எழுதுங்கள். என் கொப்பியில் உள்ள ஒன்று: "'கெ' எழுதும்போது முதலில் க போட்டுவிட்டுப் பிறகு இடப்பக்கம் வந்து கொம்பை நெருக்கிச் செருகுகிறான். வாசிக்கும்போது கொம்பைக் கண்டதும் நிற்கிறான்." இந்தக் குறிப்பு இருந்தால் நாளைக்கு என்ன செய்வது என்று தெரியும். எ, ஏ, ஐ ஓசை வாயில் பின்னால் வருகிறது, ஆனால் கொம்பு தாளில் முன்னால் வருகிறது. ஒ, ஓ வரிசையில் இன்னும் கரைச்சல், முன்னால் கொம்பு, பின்னால் அரவு, நடுவில் எழுத்து. பிள்ளை தடுமாறுவதில் என்ன அதிசயம்? 247 எழுத்தும் ஒன்றாகச் சரிவராவிட்டாலும், இந்த இடத்தைக் கடந்துவிட்டால் வாசிப்பு பாய்ந்து போகும். மூன்றாம் தரத்தில் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளில் அநேகமானோர் இந்தக் கொம்பில்தான் சிக்கியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். ண, ந, ன மயக்கமும் ல, ள, ழ மயக்கமும் அதற்குப் பிறகு பார்க்கக்கூடியவை.

4. செய்தியை எப்படிச் சொல்வது

மூன்று வசனம். முதலாவது, இன்று வகுப்பில் என்ன செய்தோம். இரண்டாவது, பிள்ளைகளுக்கு எந்த இடம் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது, வீட்டில் பிள்ளையிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. நாளைக்குக் கொண்டு வர வேண்டிய பொருள் ஏதும் இருந்தால் கடைசியில் ஒரு சொல்.

பல இடங்களில் போகிற செய்தி இப்படி இருக்கும்: "இன்று கணிதத்தில் இனமாற்றத்துடனான கழித்தல் கற்பிக்கப்பட்டது. பெற்றோர் கவனத்திற் கொள்ளவும்." இதை வாசித்துவிட்டு ஒரு அம்மா என்ன செய்வார்? பயப்படுவார், அல்லது அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

அதே நாளின் செய்தியை நான் குரலில் சொன்னது: "வணக்கம், மூண்டாம் தரம் ரீச்சர் கதைக்கிறன். இண்டைக்கு ஈர்க்கைப் பத்துப் பத்தாக் கட்டி வச்சு 43இல இருந்து 17ஐ எடுத்துப் பாத்தனாங்கள். கன பேர் மூண்டில ஏழு போகாதெண்டு ஏழில மூண்டை எடுத்துப் போட்டினம். இரவு சாப்பிடேக்க பிள்ளையிட்டக் கேளுங்கோ, 'கட்டை ஏன் அவிட்டனி?' எண்டு."

இதில் உள்ள பாடத்தைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம், இங்கேதான் வீடும் வகுப்பும் ஒன்றையொன்று இழுத்துக் குழப்பும். நான்கு பத்துக் கட்டு, மூன்று தனி ஈர்க்கு. பதினேழை எடுக்க வேண்டும். ஏழு தனி ஈர்க்கு கேட்டால் கையில் மூன்றுதான். பிள்ளைகளின் கொப்பியைப் பார்த்தால் விடை 34 என்று இருக்கும், பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டார்கள். அப்போது ஒரு கட்டை எடுத்து றப்பர் வளையத்தைக் கழற்றச் சொல்வேன். மேசையில் ஈர்க்கு பரவும். தனியாகப் பதின்மூன்று, கட்டாக மூன்று. ஏழை எடுத்தால் ஆறு மிச்சம், ஒரு கட்டை எடுத்தால் இரண்டு மிச்சம். இருபத்தாறு.

வீட்டில் என்ன சொல்வார்கள்? "பக்கத்தில கடன் வாங்கு." எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: "கடன் வாங்கினால் திருப்பிக் குடுக்க வேணுமெல்லோ ரீச்சர்? ஏன் இதில குடுக்கேல்லை?" கிழமைக்குக் கிழமை கடன் காசு கேட்டு ஆள் வந்து படலையில் நிற்கிற வீடுகள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்குக் கடன் என்ற சொல் கணக்குச் சொல் அல்ல. அன்றிலிருந்து நான் "கட்டை அவிழ்" என்றுதான் சொல்கிறேன், அந்தச் சொல்லைத்தான் வீட்டுக்கும் அனுப்புகிறேன். வகுப்பில் ஒரு சொல், வீட்டில் ஒரு சொல் என்று இருந்தால் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

5. மூன்று வழியால் அனுப்புங்கள்

வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு, இது முதல் வழி. ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். வீடியோவும் படங்களும் டேட்டாவை விழுங்கும், நாள் கூலிக்குப் போகிறவர் ரீலோட் பண்ணிய காசு அதில் போகக் கூடாது. குரல் பதிவுக்குக் கொஞ்சம்தான் செலவாகும். எத்தனை மணிக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். பாடசாலை விட்டவுடன் அனுப்பினால் போன் அப்பாவோடு வயலிலோ கட்டட வேலையிலோ இருக்கும். நான் பின்னேரம் ஆறரைக்கு அனுப்புகிறேன். இருட்டி, கைகால் கழுவி, ஆட்கள் ஒன்றாக இருக்கிற நேரம் அது.

இரண்டாவது, வாசல் பலகை. வட்ஸ்அப் இல்லாத வீடு எப்போதும் இருக்கும், அதற்காக அந்த அம்மாவைத் தலைகுனிய வைக்கக் கூடாது. பழைய கரும்பலகைத் துண்டொன்றை வாசல் மரத்தில் கட்டி, வெண்கட்டியால் அன்றைய கேள்வியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எழுதுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள், ஒரு நாளைக்கு ஒருவர். தன் மகன் எழுதிய வரி என்றால் அம்மா நின்று பார்ப்பார், பக்கத்தில் நிற்கிறவர் வாசித்தும் சொல்வார்.

மூன்றாவது, போனே இல்லாத வீட்டுக்குப் பிள்ளையே செய்தி. பாடசாலை விடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னர் அந்தக் கேள்வியை எல்லோரும் சேர்ந்து மூன்று தரம் சொல்லட்டும். எழுதி விடுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

6. மாரி தொடங்கினால் ஒரு போத்தல் வையுங்கள்

ஐப்பசியில் மழை தொடங்கும். வன்னியில் அதைவிடப் பெரிய செய்தி இல்லை. காலபோக நெல் விதைப்பு, இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர், முத்தையன்கட்டுக் குளம் வான் பாயுமா என்று ஊரே அதைத்தான் கதைக்கும். வகுப்பும் அதையே கதைத்தால் என்ன?

பெரிய பிளாஸ்டிக் சோடாப் போத்தலொன்றின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகத் திருப்பிப் புனல் மாதிரி உள்ளே வையுங்கள். அடிப்பக்கம் நெளிவாக இருக்கும், ஆகவே சின்னக் கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் விட்டு, அந்த இடத்தில் பூச்சியம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேல் அடிமட்டத்தைப் பார்த்து மில்லிமீற்றர் அடையாளம் இடுங்கள். போத்தலின் பக்கம் நேராக இருந்தால், அதில் ஏறுகிற தண்ணீரின் உயரம்தான் மழைவீழ்ச்சி, போத்தல் அகலமா ஒடுக்கமா என்பது பிரச்சினை இல்லை. மரமும் கூரையும் இல்லாத வெளியில், காற்றுக்கு விழாமல் செங்கல் வைத்து நிறுத்துங்கள். தினமும் காலை 8.30க்கு அளவுங்கள், வானிலை அவதான நிலையத்திலும் அந்த நேரத்தில்தான் அளக்கிறார்கள். அளந்ததும் பழைய தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி பூச்சியக் கோடு வரை புதுத் தண்ணீர் விடுங்கள், தண்ணீரைத் தேங்க விட்டால் நுளம்பு பெருகும்.

பிறகு சதுரத் தாளில் ஒரு சதுரத்துக்கு 5 மில்லிமீற்றர் என்று வரைபு. கணிதமும் சுற்றாடலும் ஒன்றாகப் போய்விடும். எங்கள் வகுப்பின் குரல் செய்திகளில் அதிகம் பதில் வருவது இந்தக் காலத்தில்தான். "இண்டைக்கு 38 மில்லிமீற்றர்" என்று பிள்ளை போய்ச் சொன்னால், "எங்கட வயலுக்கு இது காணும்" என்று அப்பப்பா தன் கணக்கைத் தொடங்குவார். அடுத்த நாள் பிள்ளை அதை வகுப்புக்குக் கொண்டு வரும்.

சிறுபோகம், பாலைப்பழக் காலம், வற்றாப்பளை வைகாசிப் பொங்கல், யானை வந்து வேலியை உடைத்த இரவு, எல்லாவற்றுக்கும் இதே மாதிரி ஒரு இடம் கொடுங்கள்.

7. பொருள் கொண்டு வரச் சொல்லும்போது

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். விதை சேர்த்து வா, கல் பொறுக்கி வா என்று வேறு எந்த ஊரிலும் யோசிக்காமல் சொல்லலாம். இங்கே கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எங்கே எடுக்கலாம் என்பதையும் செய்தியில் சேர்த்துச் சொல்லுங்கள்: "வீட்டு வளவுக்குள்ள மட்டும், பத்தைக்குள்ள போக வேண்டாம்." மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையும் எச்சரிக்கை நாடாவும் எதற்கு என்று வருடத்தில் பல தடவை திரும்பத் திரும்பக் கதையுங்கள். தெரியாத பொருளைக் கண்டால் தொடுவதில்லை, கிட்டப் போவதில்லை, வந்த வழியாலேயே திரும்பிப் பெரியவருக்குச் சொல்வது. பெரியவர் 119க்கு எடுத்துப் பொலிசுக்குச் சொல்ல வேண்டும். உழுது விளைந்த காணியிலும் மழைக்கு மண் கரைந்து வெடிபொருள் வெளியே வரும், ஆகவே மாரிக்குப் பிறகு மறுபடியும் சொல்லுங்கள். எண்ணுவதற்குப் பொருள் வேண்டுமென்றால் புளியங்கொட்டை, சோடாமூடி, ஈர்க்கு போதும், எல்லாம் அடுப்படியிலேயே கிடைக்கும்.

8. குழுவில் போடக் கூடாதவை

புள்ளி, யார் முதலாவது, யார் வரவில்லை, யாருக்குப் பேன், யார் சாப்பாடு கொண்டு வரவில்லை. ஒன்றும் வேண்டாம். பிள்ளைகளின் முகம் தெரிகிற படமும் வேண்டாம், கையையும் வேலையையும் மட்டும் எடுங்கள். ஒரு பிள்ளையைப் பற்றிய விஷயம் அந்த வீட்டுக்கு மட்டும், முடிந்தால் நேரில். அதையும் நல்ல செய்தியில் தொடங்குங்கள், ஏனென்றால் ரீச்சர் போன் எடுத்தால் ஏதோ பிழை என்றே இங்கே பல வீடுகளில் நினைக்கிறார்கள். நான் வருடத் தொடக்கத்தில் 27 வீட்டுக்கும் ஒரு தடவை, பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல மட்டும் எடுப்பேன். பிறகு கஷ்டமான விஷயத்துக்கு எடுக்கும்போது அந்தக் குரலில் பயம் இருக்காது.

புலமைப்பரிசில் பற்றிய விளம்பரம், ரியூசன் நோட்டீஸ், அரசியல் ஒன்றும் குழுவுக்குள் வர விடாதீர்கள். மூன்றாம் தரத்திலேயே தரம் 5 பரீட்சைக் கதை தொடங்கினால் ஈர்க்குக் கட்டை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

9. பதில் வந்தாலும் வராவிட்டாலும்

முதல் மாதம் பதில் வராது. சோர்ந்து போகாமல் அனுப்புங்கள். பதிலை எண்ணுவதை விட்டு, காலையில் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "நேற்று வீட்டில கேட்டவையோ?" கை உயர்த்துகிறவர்களை எண்ணிக் கொப்பியில் குறியுங்கள். என் வகுப்பில் முதல் கிழமை நான்கு கைதான் உயர்ந்தது. ஒரு தவணைக்குள் இருபதைத் தாண்டியது. உயர்த்தாத பிள்ளைகளை எல்லோர் முன்னும் ஏன் என்று கேட்காதீர்கள், வீட்டுக்கு அனுப்பிய கேள்வியை இடைவேளையில் நீங்களே அவர்களிடம் கேளுங்கள். கதைக்க ஒரு பெரியவர் வேண்டும், அது நீங்களாக இருந்தாலும் சரி.

வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி அந்தக் கிழமைக் குறிப்புகளைப் புரட்டுங்கள். ஒரே இடத்தில் ஆறேழு பேர் தடுமாறியிருந்தால் திங்கட்கிழமை அதைத் திரும்ப எடுங்கள், புதிய பாடம் ஒரு நாள் பொறுக்கும்.

43இலிருந்து 17ஐ எடுத்த அன்று இரவு எட்டு மணி தாண்டி ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு அம்மம்மா. அதுவரை ஒரு தடவையும் பதில் போடாத வீடு. பின்னால் பிள்ளை "அம்மம்மா, அதை அவிட்டுப் போடுங்கோ" என்று அவசரப்படுத்துகிற சத்தமும், விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு சீமெந்துத் தரையில் விழுகிற சத்தமும் கேட்டது. பிறகு அவர் மெதுவாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். இருபத்தாறில் நிறுத்திவிட்டு, "சரியோ பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.